நாலு மோட்டாரும் ஒன்பதாம் வகுப்பும்

பிப்ரவரி 6, வியாழன்

சும்மா இல்லை. கடையில் ஆள் வராத நேரத்தில் பேசிப் பதிவு செய்கிறேன், அது சும்மா இருப்பதா? 'சும்மாதான கீற?' என்று போனில் கேட்ட அக்காவிடம் இதைச் சொல்லாமல் 'ம்' என்று வைத்துவிட்டேன். சித்தூரில் டிப்ளமோவைப் பாதியில் விட்டதிலிருந்து நான் எது செய்தாலும் அவளுக்கு சும்மாதான்.

திருச்சானூரில் போன் ரிப்பேர் பார்ப்பவன் கிரைம் பாட்காஸ்ட் நடத்தக் கூடாதா? ஆந்திர எல்லையில் எங்கள் விஜயபுரம் பக்கம் மாட்டுப் பொங்கல் ராத்திரி நாலு போர்வெல் மோட்டார் திருடு போனது நிஜம்தானே? மூன்றாவது எபிசோடை எண்ணூறு பேர் கேட்டிருக்கிறார்கள். முனியப்பன் அண்ணன் பேரை நான் சொல்லவே இல்லை. "மோட்டாரின் உயிர்நாடி தெரிந்த ஒருவர்" என்றேன், பின்னால் வயலின் விட்டேன். ஊரில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டுகிறவர் அவர் ஒருத்தர்தான் என்றால் அது என் தப்பா? இப்போது எல்லாரும் மோட்டாரை நகரி டவுனுக்கு எடுத்துப் போகிறார்களாம், அவர் கடை காலியாம். அதற்கு நான் என்ன செய்ய?

பிப்ரவரி 8, சனி

அக்கா, அதாவது ஊர் ஹைஸ்கூல் தாட்சாயணி டீச்சர், என் பாட்காஸ்டை ஒன்பதாம் வகுப்பில் போட்டுப் பாடம் நடத்துகிறாளாம். நான் படித்த அதே வகுப்பு. ராத்திரி ரெண்டு பரோட்டா கூடுதலாவே துன்னேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பரோட்டா வீண்.

போர்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். மூன்று பாகம். 'அவர் பார்த்தது', 'யாரோ சொன்னது', 'அவரே இட்டுக்கட்டியது'. 'அவர்' என்றால் நான்தான். முதல் பாகத்தில் ஒரே வரி: மோட்டார் இல்லை. மூன்றாவதில் இடம் போதாமல் பக்கத்துச் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். வயலினையும் அதில்தான் எழுதியிருக்கிறார்கள்.

பாடம் நடத்துகிறாயா, என் மானத்தை வாங்குகிறாயா என்று கேட்டேன்.

"நீயே வந்து பதில் சொல்லு. பசங்க கேள்விய வச்சிக்கினு குந்தினு இருக்காங்க."

பிப்ரவரி 13, வியாழன்

லீவு போட்டுப் போனேன். நான் அந்த பெஞ்சில் தூங்கிய காலத்தில் யாரும் கை தூக்கியதில்லை. இன்று எல்லாக் கையும் மேலே. இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். அருள்குமார் பார்த்தான் என்றேன். பால் வண்டி ஓட்டுகிறவன், என் ஒரே சாட்சி. அன்று ராத்திரி தமிழ்நாட்டுப் பக்கம் டாஸ்மாக்கில் பாட்டில் வாங்கித் திரும்பும்போது முனியப்பன் அண்ணனை மோட்டாரோடு பார்த்தேன் என்று பதிவில் அவனே சொல்லியிருக்கிறான், பேரை மட்டும் நான் வெட்டிவிட்டேன்.

மூன்றாவது பெஞ்சில் பவ்யா என்று ஒரு பெண் எழுந்தாள்.

"அண்ணா, மாட்டுப் பொங்கல் அன்னிக்கு திருவள்ளுவர் நாள். அந்தப் பக்கம் கடையே தெறக்க மாட்டாங்க. அவுங்கதான் நம்ம ஊரு பிராந்திக் கடைக்கு வந்து லைன்ல நிப்பாங்க."

வகுப்பே சிரித்தது. அக்கா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

இந்த எல்லையில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? அன்று அந்த லைனில் வண்டி நுழைய வழியில்லாமல் ஹாரன் அடித்துத் திட்டியவனே நான்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

அருள்குமாருக்கு போன் போட்டேன். அவன் யாரையும் பார்க்கவில்லையாம்.

"நீதான அண்ணா, உன் வாய்ஸ் சூப்பரா கீதுன்னு சொன்ன. அதான் இன்னும் கொஞ்சம் பேசினேன்."

இன்னும் கொஞ்சமா? ஒரு மனுசன திருடன் ஆக்குற அளவுக்கு இன்னும் கொஞ்சமா? திட்ட வாயெடுத்தேன். வயலின் போட்டது யாரு, அவனா?

பிப்ரவரி 17, திங்கள்

எபிசோடை நீக்கிவிட்டேன். மன்னிப்பு ஒன்று பதிவு செய்து, வெளியிடுவதற்கு முன் அக்கா வழியாக ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்க மியூசிக் எதற்காம்?

பிப்ரவரி 18, செவ்வாய்

மியூசிக்கை எடுத்துவிட்டு அனுப்பினேன், மறுபடியும் திருப்பி. பேரைச் சொல்லாமலே ஊருக்குப் புரிய வைத்தீர்கள், இப்போதாவது பேரைச் சொல்லுங்கள் என்று பவ்யா எழுதியிருக்கிறாள். சொன்னேன். முனியப்பன் திருடவில்லை, நான் சொன்னது பொய். மியூசிக் இல்லாமல் என் குரல் தகர டப்பா மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

திருட்டுக்கு எண்ணூறு பேர். மன்னிப்புக்கு நாற்பது. அதில் முப்பது ஒன்பதாம் வகுப்பு.

பிப்ரவரி 22, சனி

முனியப்பன் அண்ணன் கடைக்கே போய் போனில் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். திட்டுவார் என்று நின்றேன். பெஞ்சைத் துடைத்தார்.

"இத யாரு தம்பி கேக்கப் போறாங்க? ஊரு பாக்கட்டும். நாளைக்கு வந்து என் கட வாசல்ல குந்து."

பிப்ரவரி 23, ஞாயிறு

குந்தியிருக்கிறேன். போனில் எழுதுகிறேன். போகிற வருகிற எல்லாரும், "இன்னாடா, திருடங்கிட்டயே வேலைக்குச் சேந்துட்டியா?" என்று ஒரே கேள்வி. திருடன் இல்லை, நான் பொய் சொன்னேன் என்று ஒவ்வொருத்தருக்கும் சொல்கிறேன். அண்ணன் உள்ளே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "சத்தமா சொல்லு, காது கேக்காத ஆளு அவரு" என்கிறார். எல்லாருக்கும் இதையேதான் சொல்கிறார். இத்தனை பேருக்குமா காது கேட்காது?

வெயில் ஏறிவிட்டது. ஒரு மோட்டார் வரவில்லை. டீ மட்டும் வாங்கித் தந்தார், எனக்குச் சர்க்கரை இல்லாமல்.

ஒரு டிவிஎஸ் வண்டி வருகிறது. ஓட்டுகிறவர் யாரென்று தெரியவில்லை. பின்னால் பவ்யா, கோணி சுற்றிய நீளமான ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. இங்கேதான் திரும்புகிறது. மோட்டார்தான். அண்ணன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டார், இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். போகணும்.