எனக்குப் பதிலாகப் பேசப் போகிறவள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் இடது முழங்காலைத் தவிர. அது உன் அண்ணன் மாதிரி, அவசரத்துக்குக் கூப்பிட்டால்தான் மக்கர் செய்யும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், இல்லையென்றால் உனக்கு வேறொரு போன் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து கடைசிவரை படி.

கொஞ்ச நாள் முன்பு சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். இதையே உன் அண்ணன் செய்தால் ஆபீஸ் டென்ஷன், நான் செய்தால் மறதி நோய். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்கிறதில்ல, பாவம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தான். மருந்துக்கடைக்காரர் என்னிடம் கத்திக் கத்திப் பேச ஆரம்பித்தார், என்னமோ மறதி காது வழியாக வருகிற மாதிரி. கீழ்வீட்டுக்காரி என்னைப் பார்த்து நான் யாரு சொல்லுங்க என்று கேட்டாள். என் எவர்சில்வர் டப்பாவை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவ என்று சொன்னேன், அதற்கப்புறம் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் உன் அண்ணன் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து, உனக்கு முடியாமப் போனா உனக்காக நான் கையெழுத்துப் போடுறதுக்கும்மா, இப்ப எல்லா வீட்லயும் எழுதி வைக்கிறாங்க, உன் பாதுகாப்புக்குத்தான் என்றான். இந்த வீட்டில் யாராவது என் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் நான் முதலில் பீரோ பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

பத்திரத்தைப் பதிவு செய்ய ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தான். சின்னப் பெண்தான், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஆபீஸ். இவன் அவளிடமும் அதே பாட்டைப் பாட, அம்மாவுக்கு நினைவு இல்லன்னு நீங்களே சொல்றீங்களே சார், அப்ப அவங்க போடுற கையெழுத்து எப்படிச் செல்லும், நல்ல நினைவோட இருக்காங்கன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஊரெல்லாம் ஊதி ஊதி வளர்த்த மறதியை ஒரே ராத்திரியில் குணப்படுத்தியாக வேண்டும். டாக்டரிடம் போகிற வழியெல்லாம், அம்மா, உனக்கு என்னென்ன ஞாபகம் இருக்கோ எல்லாத்தையும் சொல்லிடு, ஒண்ணையும் விட்டுடாதே என்று கெஞ்சினான். அவன் வாயால் அவனே கேட்டான், நான் என்ன செய்ய.

டாக்டர் மூன்று வார்த்தை சொல்லித் திருப்பிக் கேட்டார், சொன்னேன். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன், அவர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் நின்றுபோயிருப்பதையும் சொன்னேன். அப்புறம் பழசு ஏதாவது சொல்லுங்கம்மா என்றார். உன் அண்ணன் கல்யாண போட்டோவில் என்னை நகரச் சொல்லிவிட்டு சம்பந்தியம்மாவை நடுவில் நிறுத்தியதில் தொடங்கினேன். அந்தச் சம்பந்தியம்மா முதல்முதலில் வீட்டுக்கு வந்த அன்று காபி டம்ளரைத் தூக்கி வெள்ளிதானா என்று அடிப்பக்கத்தைப் பார்த்தது, அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே அவருடைய சைக்கிளை உன் அண்ணன் விற்றது, வாங்கினவன் போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்பதுவரை சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் அவனைப் பார்த்து, இது நடந்ததா சார் என்று கேட்டார். இல்லை என்றால் எனக்கு நினைவு தப்பிவிட்டதாக ஆகும், பத்திரம் போய்விடும். ஆமா டாக்டர், நடந்துச்சு என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான் பாவம். கடைசியில் டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மாவுக்கு ஞாபகம் பிரமாதம் சார், கொஞ்சம் குறைஞ்சிருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்கும் என்றார்.

அதை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனோம். அவள் முதல் வேலையாக உன் அண்ணனையும் அண்ணியையும் வெளியே போய் உட்காரச் சொன்னாள். நான் அவங்க பெத்த மகன்மா என்று இவன் சொல்ல, அதனாலதான் சார் என்று கதவைச் சாத்தினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. பத்திரத்தை வரிவரியாக வாசித்துக் காட்டினாள். பாங்கியில் பணம் எடுப்பது, கரண்டு பில் கட்டுவது எல்லாம் சரி, நடுவிலே வீட்டை விற்கவும் அடமானம் வைக்கவும் என்று ஒரு வரி சாதுவாகப் படுத்திருந்தது. பிறகு அவனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, டைப் அடிக்கிறவர் எல்லாருக்கும் போடுறதைப் போட்டுட்டாரும்மா என்றான். டைப் அடிக்கிறவருக்கு நம் வீட்டின் மேல் அவ்வளவு அக்கறை. அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன். பில் கட்டட்டும், பாங்கிக்குப் போகட்டும், கணக்கை உனக்கும் காட்ட வேண்டும் என்று எழுதியாயிற்று. வீடு நான் இருக்கிறவரைக்கும் என்னுடையது.

அதன் பிறகு அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்களால பேச முடியாம, நினைவில்லாம ஆஸ்பத்திரியில இருந்தா, என்ன செய்யணும்னு உங்களுக்காக யார் சொல்லணும்மா என்று கேட்டாள். இதற்குத்தான் இந்தக் கடிதமே. நீ என்று நான் சொல்லவில்லை. உன் அண்ணனும் இல்லை. உன் அண்ணி பெயரைச் சொன்னேன்.

படிப்பதை நிறுத்தாதே. அவளுக்கும் எனக்கும் உள்ள வழக்கு உனக்கே தெரியும், நான் எதையும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அப்பாவின் கடைசி நாட்களை நினைத்துப் பார். உன் அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நீ போனில், என்ன செலவானாலும் பரவாயில்ல, நான் வர்ற வரைக்கும் எப்படியாவது வச்சிருங்க என்றாய். அவர் வாயிலும் மூக்கிலும் குழாயைச் சொருகினார்கள், கையைக் கட்டிலோடு கட்டினார்கள். உன் அண்ணி ஒருத்திதான் அவர் பக்கத்தில் நின்று கண்ணைப் பார்த்துவிட்டு, மாமாவுக்கு இது வேணாம், எடுத்துடுங்க, அவர் எங்கிட்டயே சொல்லியிருக்காரு என்று டாக்டரிடம் சொன்னாள். கொலைகாரி என்று அவளைச் சொன்னவர்களில் நீயும் ஒருத்தி, அது எனக்கு மறக்கவில்லை, அந்தக் கோபமும் போகவில்லை. அவளும் ஒருவேளை மறந்திருக்க மாட்டாள், ஆனால் அவர் போகிறவரைக்கும் அவர் கையை விடவில்லை.

வக்கீலம்மா உன் அண்ணியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னதும் அவள் மிரண்டுபோய், என்னையா, எம்மேல என்ன கோபம் அத்தை என்றாள். கோபம் நிறைய இருக்குடி, அது தனி, உக்காரு என்றேன். உட்கார்ந்தாள். பிழைக்க வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் குழாய் வேண்டாம், கையைக் கட்டக்கூடாது, வலிக்கு மட்டும் மருந்து, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொன்னேன். முன் ரூமிலயா பின் ரூமிலயா அத்தை என்று கேட்டாள். முன் ரூமில், யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா என்றேன். அவள் சிரிக்கவில்லை, முன் ரூம் என்று வக்கீலம்மாவை எழுதிக்கொள்ளச் சொன்னாள். பெற்ற பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருப்பீர்களா, யோசித்துப் பார்.

உனக்கு மனசு நோகும், தெரியும். உனக்கு என்மேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பாசம் அதிகம், அதுதான் ஆபத்து. நீ விமானம் பிடித்து வந்து சேருகிறவரைக்கும் என்னைப் போகவிட மாட்டாய். முடிந்தால் நான் நன்றாக இருக்கும்போது வா, உட்கார்ந்து சண்டை போடலாம். நீயும் ஐம்பதைத் தாண்டிவிட்டாய், உனக்கும் இப்படி ஒன்று எழுதி வை. மாப்பிள்ளையை நம்பி விடாதே, ஓட்டலில் என்ன சாப்பிடுவது என்பதையே அவர் சர்வரிடம்தான் கேட்கிறார்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். என்றைக்காவது உன் அண்ணி போன் செய்து, அத்தையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் என்று சொன்னால், அவளிடம் சண்டைக்குப் போகாதே. குரல்தான் அவளுடையது, பேசுவது நான்.

இப்படிக்கு,
உன் மேல் ஒரே ஒரு கோபம் மட்டும் பாக்கி வைத்திருக்கும்
அம்மா