கம்பெனி கேட்ட இன்னொரு படம்

பீளமேடு, கோயமுத்தூர்
13-10-1964

சௌபாக்கியவதி பத்மாவதிக்கு அம்மா ரங்கநாயகி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி வெங்கடபதியும் மருமகள் அம்புஜமும் பெருமாள் புண்ணியத்தில் சௌக்கியம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகள் இருவரும் சுகமாக இருப்பதாகவே மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வழக்கமாக ‘சௌ.’ என்று சுருக்கி எழுதுகிறவள் இந்தத் தடவை முழுசாக எழுதியிருக்கிறேன், பார்த்தாயா? காரணம் இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கால் எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்துவிட்டார்களா, கோலை ஊன்றி நாலடி நடக்கிறாரா, ஒன்றுவிடாமல் எழுது. ஆலையில் அவ்வளவு பெரிய இரும்புத் தகடு விழுந்தும் பாதத்தோடு போயிற்றே என்று தினமும் கும்பிடுகிறேன். அம்புஜத்துக்கு எட்டாம் மாதம், புளிப்பு கண்டால் விடுவதில்லை. நாளைக்கு ஆயுத பூஜை, தம்பி ஒர்க்‌ஷாப்பில் லேத்தைத் துடைக்கிறேன் என்று மூன்று நாளாக வீட்டில் தங்குவதில்லை. சிறுவாணித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. அதெல்லாம் கிடக்கட்டும். இனிமேல் சுற்றி வளைத்து எழுத முடியவில்லை பத்மா. நீ அந்தச் சுகந்தவல்லி கம்பெனியில் சேரவே வேண்டாம். சரக்குப் பார்சல் வந்திருந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடு. போன கடிதத்தில் சேரச் சொல்லி எழுதியவளும் நான்தான், என் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளைக்குக் கால் சரியாகிற வரை வீட்டிலிருந்தபடியே ஏதாவது விற்கலாம் என்று பார்க்கிறேன், ஈரோட்டு ஜமக்காளக் கம்பெனியா, நம்மூர் சுகந்தவல்லியா, எதில் சேரட்டும் என்று ஆவணியில் நீ கேட்டிருந்தாய். ஈரோட்டுக்காரர் முன்பணம் கட்டச் சொல்கிறார், கமிஷனும் குறைச்சல், சுகந்தவல்லியில் முன்பணம் கிடையாது, சீயக்காய்த் தூளும் பல்பொடியும் ஊதுவத்தியும் பார்சலில் வந்துவிடும், பிலாயில் இருக்கிற நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு வீடு வீடாகப் போய்க் கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தாய். ஒரே ஒரு சந்தேகம்தான் உனக்கு. போன தீபாவளிக்கு ஸ்டுடியோவில் எடுத்த படத்தை அனுப்பினாயாம், பூ, பொட்டு, நகை ஒன்றும் இல்லாமல் எளிமையாக இன்னொரு படம் வேண்டும் என்று திருப்பிவிட்டார்களாம், எதற்கம்மா அப்படி என்று கேட்டாய். நான் பெரிய மேதாவி அல்லவா, எல்லா மதத்துப் பெண்களும் வேலை செய்கிற இடம், எல்லோரும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கேட்டிருப்பார்கள், எடுத்து அனுப்பு என்று எழுதிவிட்டேன். அப்படி எழுதச் சொன்னது அந்த ராமாமணியின் முகம்.

ராமாமணி யார் என்று சொல்கிறேன். ஆடி மாதம் ஒரு மத்தியானம் வாசலில் நின்று ‘ஏனுங்கம்மா, ஊட்டுல இருக்கீங்களா’ என்று ஒரு குரல். பார்த்தால் உன் வயதுதான் இருக்கும், நரைத்த சேலை, தோளில் கம்பெனிப் பை, நெற்றியில் ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். வீட்டுக்காரர் போய் ரெண்டு வருஷமாச்சுங்க, ரெண்டும் சின்னக் குழந்தைங்க, இந்தக் கம்பெனிதான் எங்களைக் காப்பாத்துதுங்க என்றாள். கேட்க வேண்டுமா? சோறு போட்டேன். தலையில் முடியே இல்லாதவள் மூன்று பொட்டலம் சீயக்காய் வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பங்காரம்மாவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிவந்து வாங்க வைத்தேன். பெட்டியைத் திறந்து என் வெள்ளைக் கைத்தறிச் சேலை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தேன். அப்புறமும் இரண்டு மூன்று தடவை வந்தாள். ஆவணியில் உன் கடிதம் வந்த அன்றைக்கு, என் மகள் பிலாயில் இருக்கிறாள், உங்கள் கம்பெனியில் சேரலாமா என்று யோசிக்கிறாள் என்று சொன்னபோது மட்டும் மோர் டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் ‘சேரச் சொல்லுங்கம்மா’ என்றாள். பாவம், வேலைக்குப் போட்டி வருமோ என்று யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன் நான்.

போன வெள்ளிக்கிழமை, நவராத்திரியாயிற்றே, டவுனுக்குப் போய்க் கோனியம்மனைத் தூரத்திலிருந்தாவது கும்பிட்டு வரலாம் என்று தம்பியோடு போனேன். ஒரே கூட்டம். செருப்பு விடுகிற இடத்தில் இந்த ராமாமணி! பச்சைச் சேலை, தலை நிறைய கனகாம்பரம், நெற்றியில் காசளவு குங்குமம், கழுத்தில் தாலி. பக்கத்தில் ஒல்லியாக ஒருத்தர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மறு கல்யாணம் பண்ணிக்கொண்டாள் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். சொன்னால் நம்ப மாட்டாய், திக்கென்று இருந்த மறு நிமிஷமே நன்றாக இருக்கட்டும் என்றுதான் தோன்றியது. கிட்டே போனேன். அந்தக் குழந்தை அவர் முகத்தையே அச்சாக வைத்திருந்தது, ‘அப்பா, பலூனு’ என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. மறு கல்யாணமாவது மண்ணாங்கட்டியாவது. இவளுக்குப் புருஷன் போகவே இல்லை!

என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. பலூன் வாங்கிக் கொடுங்க என்று அவரை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘அம்மா, காட்டிக் குடுத்துப் போடாதீங்க. மில்லுல பஞ்சுத் தூசியில அவருக்கு நெஞ்சு போயிருச்சுங்க. நான் கம்பெனிக்குள்ள பொட்டலம் மடிக்கற வேலை செய்யறேன்னு நெனச்சுட்டு இருக்காருங்க’ என்று அழுகிறாள். அந்தக் கம்பெனியில் தினமும் காலையில் வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஒரு கண்ணாடியும் ஒரு ஈரத்துணியும் வைத்திருக்கிறார்களாம். துடைத்துவிட்டுத்தான் பையை எடுக்க வேண்டுமாம். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு பேரில் நிஜமாகவே இழந்தவர்கள் மூன்று பேர்தானாம். ‘பொட்டு வெச்சுட்டுப் போனா கதவைச் சாத்தறாங்கம்மா, இல்லாமப் போனா உள்ள கூப்புட்டு மோர் குடுக்கறாங்க’ என்றாள். மோர் கொடுத்தவள் நான் அல்லவா! சாயந்திரம் சிங்காநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குழாயடியில் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு போவாளாம். ‘தெருமுனை திரும்பி அவரு உக்காந்திருக்கறதைப் பாக்கற வரைக்கும் எனக்கு உசுரே இல்லீங்கம்மா’ என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் என் சேலையைத் திருப்பிக் கொடு என்றுதான் கேட்டேன். புருஷன் உயிரோடு இருக்கிறவள் அதை உடுத்தலாமா? மறுநாளே துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எங்கேயாவது வேறு வேலை தேடு என்றேன், எங்கம்மா போறது என்றாள்.

பத்மா, உன் அப்பா போனபோது, என் பொட்டை அழித்த அன்றைக்கு நீ தாவணி போட்ட பிள்ளை, என் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று கத்தினாய். நாலு பேர் சேர்ந்து உன்னைப் பிரித்து எடுத்தார்கள். பதினோரு வருஷம் ஆயிற்று. ஆவணியில் அம்புஜத்துக்கு வளையல் அடுக்கியபோதுகூட நான் சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை, நானாகவே உள்ளே போய்விட்டேன். நல்ல காரியத்தில் முன்னால் நிற்க ஆகாத இந்த நெற்றி, கம்பெனிக்காரனுக்கு மட்டும் லாபமாம். தினமும் காலையில் ஈரத்துணி வைத்துத் துடைக்கிறார்களாம். அடப்பாவிகளா!

நேற்றுக் காலையில் உன் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கி வரலாம் என்று போனேன். தம்பி முன்கோபக்காரன், அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். உள்ளே ஒரு மேனேஜர், நல்ல மரியாதைக்காரர்தான், எழுந்து நின்று ‘வாங்கம்மா, உக்காருங்க, காப்பி சாப்பிடறீங்களா’ என்கிறார். பிலாய் பத்மாவதியின் அம்மா என்றதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு கவரைத் திறந்து ‘உங்க புள்ளைக்கு என்ன முகமுங்க! இந்தப் படம் ஒண்ணே போதும், நோட்டீஸுல போட்டா நூறு ஊட்டுல கதவு தொறக்கும்’ என்று சொல்லி என் முன்னால் வைத்தார். நீ அனுப்பிவிட்டாய். நான் சொன்னேன் என்று நீ அனுப்பியே விட்டாய். வெறும் நெற்றியோடு, வெறும் கழுத்தோடு என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். நீ பொட்டைத் துடைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனபோது மாப்பிள்ளை காலில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்திருப்பாரே! என் மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார் என்றேன். அவர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. ‘யாருங்கம்மா இல்லைன்னாங்க? நாங்க ஒண்ணும் எழுதறதில்லீங்களே. பாக்கறவங்க அவங்களா நெனச்சுக்கறாங்க’ என்றார். அப்புறம்தான் நிமிர்ந்து என்னைச் சரியாகப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். மேசை டிராயரைத் திறந்து ஒரு புது விண்ணப்பத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். ‘நீங்களே சேரலாமுங்கம்மா. உங்களுக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை’ என்றார்.

படத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் தம்பி என்னம்மா, என்ன ஆச்சு என்று கேட்கிறான், என் முகம் அப்படி இருந்திருக்கிறது. நேற்றே ஈரோட்டுக்காரருக்கு எழுதி முன்பணத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டான். அவர் உன்னிடம் என்ன கேட்டார்? கெட்டித் துணி எது, சாயம் போகிற துணி எது என்று பார்க்கத் தெரியுமா என்றுதானே கேட்டார், படம் கேட்கவில்லையே. கமிஷன் குறைந்தால் குறையட்டும். ராமாமணியையும் சிங்காநல்லூர்ப் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவருடைய பதில் வந்ததும் எழுதுகிறேன். இதை மாப்பிள்ளையிடம் மறைக்காதே, நீயே பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல். என்மேல் அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும், அது நியாயம்தான். குழந்தைகளுக்கு அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிப் பள்ளிக்கூடம் அனுப்பு.

அந்தப் படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நேற்று மத்தியானம் அம்புஜத்தின் குங்குமச் சிமிழை நானே போய் எடுத்தேன். அவள் பார்த்துவிட்டாள். நான் கையைப் பின்னுக்கு இழுத்தேன். ‘வைங்கத்தை’ என்று சொல்லிவிட்டு, படத்தை அசையாமல் அவள் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து வைத்தேன். பொட்டுக் கொஞ்சம் பெரிதாகவும் ஒரு பக்கம் கோணலாகவும் இருக்கும், பதினோரு வருஷமாக விரலுக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. அழித்துவிட்டுச் சரியாக வைக்கிறேன் என்று நீ அதைத் தொடாதே.

பெருமாளும் கோனியம்மனும் காக்க, மஞ்சளும் குங்குமமுமாக மாப்பிள்ளையோடு நூறு வயது இரு. படம் கையில் கிடைத்ததும் தபாலுக்குக் காத்திராமல் தந்தி கொடு.

சௌபாக்கியவதியைப் பெற்ற அம்மா,
ரங்கநாயகி