நீ பிரெஞ்சிலை சொன்னது எனக்கு விளங்கிச்சுது

குருநகர்
12 ஐப்பசி

என்ரை ஜெயனிக் குஞ்சு,

மாதாவின்ரை புண்ணியத்திலை நான் சுகம், பாரிசிலை நீயும் றெஜினாப் பெரியம்மாவும் லெனாட் அண்ணாவும் உந்தக் குளிருக்குள்ளை ஒரு வருத்தமும் இல்லாமல் இருக்கவேணும். பெரியம்மாவின்ரை போனுக்கு எழுதினால் எல்லாரும் பாப்பினம், அதாலைதான் கடுதாசி.

பிள்ளை, ஒரு புதினம், அப்பா பிரெஞ்சு படிக்கிறன்! புத்தகத்திலை இல்லை, காட்டூன் படப் பாட்டுகளிலை. ஐஸ் பக்டரியிலை மிசின் ஓடத் தொடங்கினால் பாத்துக்கொண்டு நிக்கிறதுதானே என்ரை வேலை, போனிலை பாட்டை மெல்ல ஓடவிட்டு, வரிவரியா நிப்பாட்டி, பனி பிடிச்ச பைப்பிலை விரலாலை எழுதிப் பாக்கிறன். முன்னூறு சொல்லுத் தாண்டிட்டுது. கடையிலை பாண் வாங்கிற சொல்லு ஒண்டுமில்லை, முழுக்க நெஞ்சு, நட்சத்திரம், அழுறது, மறக்கிறதுதான். காதிலை இயர்போன் இருந்தால் நான் சத்தமாப் படிக்கிறது எனக்கே தெரியாது. அம்மாவின்ரை செத்தவீட்டு வருசம் முடியேல்லை, வீட்டிலை ரேடியோவும் போடுறேல்லை, கிணத்தடியிலை நிண்டு பாட்டுப் படிக்கிறன் எண்டு ஒழுங்கை முழுக்கக் கதை. அருட்செல்வன் மாமா கடலாலை வந்த கையோடை வாசல்லை நிண்டு, அக்கா போய் ஏழு மாசமாகேல்லை உங்களுக்குப் பாட்டுக் கேக்குதோ அத்தான் எண்டு கத்தினான். போனைக் காட்டினன். தொப்பி போட்ட நண்டு ஒண்டு ஆடுது. இருந்து கடைசி மட்டும் பாத்திட்டான். இப்ப வள்ளத்திலை எல்லாருக்கும் போஞ்சூர் சொல்லுறானாம், உவனுக்கு விசர் எண்டு பக்கத்து வீட்டு லூர்த்தம்மா மாமி சொல்லுறா.

சரி, விசயத்துக்கு வாறன். போன ஞாயிறு வீடியோக் கோலிலை வழமைபோல எனக்கு உம் எண்டிட்டு, லெனாட்டின்ரை பக்கம் திரும்பி பிரெஞ்சிலை ஒண்டு சொன்னனி. அப்பா அழுறேல்லை, அம்மாவை மறந்திட்டார் எண்டு. பிள்ளை, முழு வசனமும் விளங்கிச்சுது, ஒரு சொல்லும் தவறேல்லை! முதல் சந்தோசத்திலை கையைத் தட்டிப்போட்டன், பிறகுதான் நீ சொன்னது என்ன எண்டு நெஞ்சிலை பட்டது.

அழுகை வரேல்லை, அது உண்மைதான். அம்மாவை எடுத்துக்கொண்டு போன நாளிலையிருந்து, ஐஸுக்குள்ளை கனநேரம் வைச்ச கை மாதிரி எல்லாம் விறைச்சுக் கிடக்கு. விறைச்சாலும் கை இருக்குது, பிள்ளை. மறக்கேல்லை. முப்பத்தோராம் நாள் முடியப் பெரியம்மாவோடை போனதிலையிருந்து நீ தமிழிலை ஒண்டும் கதைக்கிறாயில்லை, மனசிலை கிடக்கிறதெல்லாம் பிரெஞ்சிலைதான் வருதாம் எண்டு அவ சொன்னா. அண்டைக்குத்தான் நான் முதல் பாட்டைப் போட்டனான்.

இந்தக் கடுதாசி கிடைச்ச பிறகு வாற ஞாயிறு லெனாட்டிட்டைச் சொல்லாதை, என்னட்டையே கேள், பிரெஞ்சிலையே கேள். கோவமெண்டால் நல்லா ஏசு. ஏசுற சொல்லுகள் அந்தப் பாட்டுகளிலை இல்லை, அதை நீதான் எனக்குப் படிப்பிக்கவேணும்.

காதை மூடித் தொப்பி போடு, காலமை சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போகாதை. ஆண்டவர் எப்பவும் உன்னோடை இருப்பார்.

உன்ரை அப்பா
றஜிந்தன்