கெட்டுப்போகச் சொல்லி ஒரு வேண்டுதல்

டயகம
12.08.2007

அன்பு மகள் தவமணிக்கு, ஆத்தா புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும்.

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நேற்று நீ போனில் சொன்னாயே, என் வயிற்றில் பாலை வார்த்தாய் மகளே. நான் இங்கே பண்ணின கூத்து உனக்குத் தெரியாது. புது மிஷின் வைக்கிறோம் என்று நீ முதலில் எழுதியதும், நம் தேயிலை பெக்டரியில் செய்கிற வழக்கப்படி தேங்காய், எலுமிச்சம்பழத்தோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய், என் பிள்ளையின் மிஷின் ஒருநாளும் கெடக்கூடாது என்று அர்ச்சனை வைத்துவிட்டேன். பிறகுதானே நீ விளக்கமாகச் சொன்னாய், அது ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையத்தைப் போல மண்டபத்துக்குள் கட்டிய சின்ன மாதிரி, கம்பியூட்டர் வழியாகத் திருட்டுத்தனமாக நுழைந்து அதைக் கெடுத்துப் பார்த்தால்தான் பெரிய நிலையத்தைக் காப்பாற்ற வழி தெரியும் என்று. உங்கள் பெரிய அதிகாரிகள் பார்க்க வந்த அன்று நீங்கள் என்ன செய்தும் அது கெடவே இல்லை, மறுதடவையும் இப்படியானால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நீ போனில் அழுதாய். பாழாய்ப்போன என் அர்ச்சனைதான் உன் வேலைக்கு உலை வைத்தது என்று பூசாரி சிவசாமியிடம் ஓடினேன். அவரோ, கெட்டுப்போகணும்னு ஆத்தாகிட்ட கேக்க எனக்கு வாய் வராது தாயி, நீங்களே சொல்லிக்கங்கன்னு ஒதுங்கிவிட்டார். நானே சொன்னேன், ஆத்தா, அந்தப் பொம்மை மிஷின் மட்டும் கெடட்டும், ஊர் சனம் குடிக்கிற தண்ணிக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு.

மறுதடவை மிஷின் கெட்டுத் தொட்டி நிரம்பி வழிந்து மண்டபமெல்லாம் தண்ணீர், எல்லோரும் கை தட்டினார்கள் என்று நீ சொன்னதை உன் அப்பாவிடம் சொன்னேன். மனுசன் கேட்டது ஒன்றே ஒன்று, பக்கத்துல ஆளு யாரும் நிக்கலையேன்னு. இல்லை என்றேன். நீ தொட்டிலில் கிடந்தபோது, நிறுத்தும் சுவிட்சு வேலை செய்யாமல் பெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலரில் இவர் விரல்கள் போனது உனக்குத் தெரியும்தானே. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, நம்ம ரோலரையும் இப்படி ஆளில்லாத இடத்துல யாராச்சும் கெடுத்துப் பாத்திருந்தா நல்லாருந்திருக்கும் என்றார். அப்புறம் அவரே போய் உன் பேருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அந்தக் கையால்தான் உடைத்தார். உனக்கு அந்த வேலையைக் கொடுத்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

நீ தீர்க்காயுசாக இருக்க ஆத்தா துணை. கம்பளிச் சட்டையை மறக்காதே. அடுத்த மிஷின் ஓட வேண்டுமா, கெட வேண்டுமா என்று முதலிலேயே எழுதிவிடு, நான் அதன்படி கும்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
நாகலெட்சுமி கந்தப்பன்