இருபது சோகியும் என் திருடியும்

9.2.92 ஞாயிறு

காலையில் நல்ல பனி. சவர்க்காரம் இல்லாமல் தோய்த்த உடுப்பு பின்னேரம் வரை காயவில்லை. அதே ஈர வாடையோடுதான் விளையாடப் போனேன்.

சுகந்தன் அண்ணை வீட்டு மாமரத்தின் கீழ், வழமையான நாலு பேர். கதை நடத்துவது சுகந்தன் அண்ணை. மூடிக்கிடக்கும் கம்பஸில் வகுப்புகள் தொடங்கும்வரை அவருக்கு வேறு வேலை இல்லை. ரஞ்சன் மந்திரவாதி. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து அரியாலைக்கு வந்த யூட் வாள்வீரன். நான் திருடி. சண்டையால் பாதை மூடுமுன் லண்டனிலிருந்து சுகந்தன் அண்ணையின் தமையன் அனுப்பிய கதை விளையாட்டுப் புத்தகம்தான் எங்களுக்குச் சட்டம். ஆளுக்கொரு தொழில். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கெட்டித்தனம், ஒரு குறை. கூட்டிக் கழித்தால் எல்லாம் சரிசமமாம்.

சரிசமம், மண்ணாங்கட்டி.

இன்று பாதாளக் கோட்டையில் பூட்டிய கதவுகள். என் திருடி தொட்ட எல்லாமே பிழையாய்ப் போனது. யூட் வாள் வீசினான், ஒன்றும் படவில்லை. ரஞ்சன் மந்திரம் சொன்னான், கதவு சாம்பல். இன்னொன்று சொன்னான், பூதமும் சாம்பல். மந்திரத்துக்குச் சோகி, அதாவது தாயம் உருட்டுகிற சோழி, எறியத் தேவையில்லை. சொன்னால் பட்டதுதான். நாங்கள்தான் எறிந்து, பெரிய எண் விழுமா என்று வாய் பார்த்திருக்க வேண்டும்.

முடிவில் ரஞ்சன்: "வதனி, உந்தத் திருடியாலை ஒரு பிரயோசனமும் இல்லை. வைத்தியச்சியாய் மாறும். எங்களுக்குக் காயம் கட்ட ஆள் வேணும்."

சு. அண்ணையும் தலையாட்டினார். "வாற ஞாயிறு அப்பிடியே செய்வம். திருடி பள்ளத்திலை விழுந்து செத்துப்போனா எண்டு நான் கதையை முடிச்சுவிடுறன்."

காலை முழுக்க ஆஸ்பத்திரியில் பஞ்சு உருட்டுகிறேன், பழஞ்சீலை கிழித்துக் கட்டுத்துணி மடிக்கிறேன். பூதத்தோடு சண்டை பிடிக்கப் போன இடத்திலும் அதுவா? மாட்டேன்.

10.2 திங்கள்

கோபம் இன்னும் ஆறவில்லை. மண்ணெண்ணெய்க் கியூவில் நின்றும் அதே யோசனை.

செய்ய வேண்டியவை: அம்மாவின் செருப்பு தைக்கக் கொடுக்க. பனங்கட்டி. சைக்கிள் செயின்.

ஏன் திருடி? ஊரை விட்டுப் போகப் பாஸ் வேண்டும். பாதை மூடல். பள்ளிக்கூடம் முடித்தாயிற்று, அடுத்த கதவும் பூட்டு. ஒரு இடத்திலாவது பூட்டைத் திறக்கிறவளாக இருக்க எனக்கு ஆசை. அவ்வளவுதான். இதை அவர்களுக்கு விளக்கப் போவதில்லை.

அம்மா: "பெடியளோடை மரத்துக்குக் கீழை இருந்து பேய்க்கதை. சனம் என்ன சொல்லும்?"

"சனம் எப்பவோ சொல்லி முடிச்சிட்டுது அம்மா."

முறைத்தா. பிறகு புட்டுக்குத் தேங்காய் துருவச் சொன்னா.

12.2 புதன்

ஹெலிகொப்டர் வந்து சுற்றியது. வெகுநேரம் பங்கருக்குள். பக்கத்து வீட்டுக் கோழியும் எங்களோடு.

குந்தியிருக்கும்போது ஒன்று உறைத்தது. மார்கழி வரை என் திருடி கதவுகளை நன்றாகத்தான் திறந்தாள். மார்கழியில் இப்படி ஒரு ஹெலி வந்து நாங்கள் ஓடியபோதுதான், சு. அண்ணையின் கையிலிருந்த, புத்தகத்தோடு வந்த இருபது பக்கமும் எண் போட்ட உருட்டுக் காய் அவர்கள் வீட்டுப் பங்கர் வெள்ளத்துக்குள் விழுந்தது. தடவித் தடவித் தேடியும் கிடைக்கவில்லை. உடனே அவர் ஒரு வழி சொன்னார்: போனது இருபது பக்கம், அதற்குப் பதில் இருபது சோகி. எறிந்து, வாய் மேலே பார்ப்பவற்றை எண்ணுவது. என்ன கெட்டித்தனம் என்று எல்லோரும் புகழ்ந்தோம். யூட்டின் மாமி தாயம் விளையாடுகிற சோகிகளைத் தந்தா.

அன்றிலிருந்துதான் திருடிக்கு இந்தச் சீக்கு.

13.2 வியாழன்

யூட்டைச் சோகியோடு கிணற்றடிக்கு வரச் சொன்னேன். அவன் எறிய, நான் விழுந்த எண்ணுக்கெல்லாம் மண்ணில் கோடு கீறினேன். பத்து. ஒன்பது. பதினொன்று. பத்து. மறுபடி பதினொன்று. பூட்டுத் திறக்க எனக்குக் குறைந்தது பதினைந்து வேண்டும். அவனுடைய கை நோகும்வரை எறிந்தும் ஒரேயொரு தடவைதான் வந்தது.

காய் என்றால் எந்த எண்ணும் ஒரே மாதிரி விழும். சோகி அப்படியில்லை. ஏறக்குறைய பாதி வாயைக் காட்டும், பாதி முதுகைக் காட்டும். சந்தைக்குப் போகிற பஸ்ஸில் ஆணும் பெண்ணும் கலந்துதான் இருக்கும். முழுக்கப் பெண்களாக ஏறுவது எந்த நாள்?

யூட் சோகியைக் கீழே வைத்தான். "அப்ப மார்கழியிலையிருந்து நான் சும்மாதான் வாள் வீசினனானோ?"

"ஓம்."

"ரஞ்சனுக்குச் சோகியே தேவையில்லை. அதுதான் அவன் ராசா."

என் திருடி மொக்குமில்லை, பலவீனமுமில்லை. அவளுக்குக் கிடைத்த தராசு பிழை. நினைக்க நினைக்கப் பற்றி எரிகிறது.

வழி: பால்மா டின். இருபது கடதாசித் துண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு எண். ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டுக் குலுக்குவது.

15.2 சனி

ரஞ்சனைத் தேடிப் போய்ச் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று நாளைக்குக் கதை வரக்கூடாது.

"தோக்கிறவைதான் சட்டம் கதைக்கிறவை. டின்னுக்குள்ளை துண்டை மடிச்சு அடையாளம் வைச்சிருப்பீர்."

பழைய கலண்டரையும் கத்தரிக்கோலையும் அவனிடமே நீட்டினேன். "அப்ப நீரே வெட்டும். நீரே எழுதும்."

முணுமுணுத்துக்கொண்டே வெட்டினான். எழுத்து கோழி கிளறினதுபோல. பரவாயில்லை.

16.2 ஞாயிறு

வெயில். அணில் கடித்த மாங்காய்ப் பிஞ்சு தலையில் விழுந்தது.

டின்னைப் பாய் நடுவில் வைத்தேன். மண்ணில் கீறிய கோடுகளின் கதையைச் சொன்னேன். சு. அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "நான் புத்தகத்திலை உள்ளபடிதான் நடத்துவன், பிள்ளை."

"புத்தகத்திலை சோகி எந்தப் பக்கத்திலை இருக்கு அண்ணை?"

புத்தகத்தைக் கையில் எடுத்தார். திறக்கவில்லை. திரும்பப் பாயில் வைத்தார்: "சரி, ஒரு கதவுக்கு மட்டும் டின். திறந்தால் திருடி இருக்கட்டும். திறக்காட்டி நீ வைத்தியச்சி."

"இல்லை அண்ணை. எல்லாருக்கும் டின். எப்பவும் டின். கதவு திறந்தாலும் சரி, திறக்காட்டிலும் சரி."

யூட் செருப்பைக் காலில் மாட்டினான். "இல்லாட்டி வதனியோடை நானும் போறன். நீங்கள் ரண்டு பேரும் இருந்து மந்திரம் சொல்லுங்கோ."

இரண்டு பேரால் கோட்டைக்குள் போக முடியாது. ஒத்துக்கொண்டார்.

இரும்புக் கதவு. கண்ணை மூடி எடுத்தேன். ஆறு.

பூட்டுக்குள்ளிருந்து நச்சு ஊசி பாய்ந்தது. தப்ப இன்னொரு துண்டு எடுக்கலாம். நாலு.

என் திருடி செத்துப்போனாள். ரஞ்சன் புரைக்கேறும்வரை சிரித்தான். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவன் வெட்டிய துண்டு, நான் எடுத்த துண்டு. இது சரியான சாவு. இதை நான் ஏற்றுக்கொள்வேன்.

பிறகு யூட் எடுத்தான். பதினெட்டு. பூதத்தின் கழுத்து ஒரே வெட்டு. பாயிலிருந்து எழும்பி நின்றுவிட்டான். ரஞ்சன் மந்திரத்துக்குத் திறந்த வாயை மூடினான்.

சு. அண்ணை எனக்குப் புது ஆளை எழுதத் தாள் ஒன்று எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஆறுதலாகத்தான் கேட்டார்: "செத்தவ செத்துப்போனா. இனி வைத்தியச்சிதானே? என்ன எண்டு எழுத?"

"திருடி."