செலிக்காவும் ஓர் எலுமிச்சம்பழமும்

1984 மார்ச் 14, புதன்

இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தியாகிவிட்டது. சாலாக் செலாத்தானில் ஆ லோயின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரும் வரை கண்ணாடியை இறக்கிவிட்டு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். பதினொரு வருடப் பழைய செலிக்கா கார் என்று யாரும் சொல்ல முடியாது.

வீட்டு வாசலில் நின்ற என் மனைவி சந்திரகலா, "இது காரா, புல் வெட்டுற மிஷினா?" என்றாள். தினமும் காலையில் இதே காரில்தான் அவளைச் சுங்கை வே ஃபேக்டரியில் இறக்கிவிடுகிறேன். அவள் அங்கே சூப்பர்வைசர். ஃபேக்டரி வாசலில் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்களாம், மானம் போகிறதாம். போகட்டும்.

நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று நானும் கேட்டுக்கொள்கிறேன். பொதுப்பணி இலாகாவில் நாள் முழுக்கச் சாலை வளைவுகளை வரைகிறேன். ஒன்றிலாவது வேகமாகப் போய்ப் பார்க்க வேண்டாமா? பத்து தீகா பந்தயத் திடலில் நண்பன் விஜயனின் கிளப்புக்கு ஞாயிறுகளில் இடம் தருகிறார்கள். பந்தயம் கிடையாது. என்னைப் போன்ற ஆட்கள் அவரவர் வண்டியை ஆசை தீர ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மார்ச் 23, வெள்ளி

பூஜை போட்டாயிற்று. என்ஜினில் கை வைத்தால் புது வண்டி மாதிரிதான் என்று சந்திரகலா ஒரே பிடி. நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம், ஏற்றி நசுக்கினேன். ஐந்தாவதைக் குங்குமம் தடவி அவளே டாஷ்போர்டில் வைத்தாள்.

எங்கள் வரிசை வீடுகளில் யார் வண்டி வாங்கினாலும் முதல் பொட்டு சந்திரகலாவின் கையால்தான். கைராசி என்பார்கள். லோரி வாங்கிய பின்வீட்டுக்காரர்கூட ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். எனக்கு இதில் நம்பிக்கை பாதிதான். ஆனால் அவள் பொட்டு வைக்கும்போது முகத்தில் ஒரு நிதானம் வரும், அதைப் பார்க்கப் பிடிக்கும்.

மார்ச் 25, ஞாயிறு

திடலில் காரோடு சுழன்று போய் வேலியோரம் நின்றேன். உடம்பில் ஒன்றுமில்லை. எழுதக் கை வரவில்லை.

மார்ச் 26, திங்கள்

நேற்று திடலில் உள்ளே விடும்போதே, காரில் ஆடுகிற பொருளை எல்லாம் எடுத்துவிடச் சொன்னார்கள். குடை, கண்ணாடிப் பெட்டி, பாய் எல்லாம் எடுத்தேன். பழத்தை மட்டும் எடுக்கவில்லை. அவள் வைத்ததை எப்படி எடுப்பது?

நேர்ப்பாதை முடிவில் முதல் வளைவு. முன்பு எப்போதும் வராத வேகம். பிரேக்கை மிதித்தேன், பெடல் இறங்கவில்லை. அப்படியே வளைவுக்குள் போய்ச் சுழன்று, புல்லில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. முன் மட்கார்ட் நசுங்கியது.

விஜயன்தான் முதலில் ஓடி வந்தான். "அண்ணே, பெடலுக்கடியில ஏதும் உருண்டுச்சா?" டாஷ்போர்டைப் பார்த்தேன். பழம் இல்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேறென்ன?

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: "நீ வெச்ச பழம்தான் உருண்டு பெடலுக்கடியில போயிடுச்சு." கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். "நான்தானே வெச்சேன்" என்றாள். 

ஏப்ரல் 2, திங்கள்

சந்திரகலா ஃபேக்டரி பஸ்ஸில் போகிறாள். மட்கார்ட் சரியாகி வந்த பிறகும் அப்படித்தான். கேட்டால் "காருக்குள்ள பெட்ரோல் வாடை, தலை சுத்துது" என்கிறாள். முன்பும் அந்த வாடை இருந்ததே.

ஏப்ரல் 8, ஞாயிறு

திரும்பவும் பத்து தீகா. வண்டி மந்தம். முதல் வளைவுக்கு நூறு மீட்டர் என்று ஒரு பலகை உண்டு. மற்றவர்கள் அதைத் தாண்டித்தான் பிரேக் பிடிக்கிறார்கள். எனக்கு அதற்கு வெகு முன்னாலேயே பிடிக்க வேண்டியிருக்கிறது. பிரேக்கில் பலமில்லை. ஆ லோயிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 20, வெள்ளி

கெட்டியான பிரேக் பேட், புது டிஸ்க். ஆ லோய் பழையதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னும் நல்லா இருக்கு லா பாஸ்" என்றான். "மாத்து" என்றேன். மாற்றினான். அவனுக்கென்ன?

மே 6, ஞாயிறு

ஸ்பிரிங்கைக் குட்டையாக்கியாயிற்று. முன் அப்சார்பர் இரண்டும் புதியவை. டயரும் அகலமானவை. இன்றும் விஜயனின் சின்ன எஸ்கார்ட் கார் என்னை வளைவில் தாண்டிப் போய்க் கையும் காட்டிவிட்டுப் போனது.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். பின்பக்கம் கனம் என்கிறான் ஒருவன், டயரில் காற்று என்கிறான் இன்னொருவன். கடைசியில் விஜயனிடமே சாவியைக் கொடுத்து, நீயே ஓட்டிப் பார் என்றேன். பலகை தாண்டி, இன்னும் தாண்டி... சுவரோரம் நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் வளைவில் கோடு போட்டது போலப் போய்க்கொண்டிருந்தது.

இறங்கியவன் ஹெல்மெட்டைத் துடைத்தபடி, "வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணே. உங்க காலுக்கு பெடல் கொஞ்சம் உயரமோ என்னமோ" என்றான். நல்ல பையன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மே 12, சனி

பின்பக்கம் கனம் என்றார்களே, பின் சீட்டைக் கழற்றிவிடலாம் என்று காலையில் ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். சீட்டைத் தூக்கினால் அடியில் எலுமிச்சம்பழம்.

காய்ந்து சுருங்கிக் கல்லாகிவிட்டது. குங்குமம் அப்படியே ஒட்டியிருக்கிறது. நசுங்கவில்லை. தோலில் ஒரு கீறல் இல்லை. பெடலுக்கடியில் மாட்டி என் மிதி வாங்கியிருந்தால் இப்படியா இருக்கும்? நேர்ப்பாதையில் வேகம் எடுத்தபோதே பின்னால் உருண்டு போய் இங்கே ஒதுங்கியிருக்கிறது. அதன் பாட்டுக்கு ஒதுங்கியிருந்திருக்கிறது.

அப்ப பெடல் ஏன் இறங்கல? மிதிச்சேனா? நெசமா மிதிச்சேனா?

கார் ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்து, அந்த நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வேலி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து கால் எழுந்தது, அது ஞாபகம் இருக்கிறது. பிரேக்கில் போய்ச் சேர்ந்தது ஞாபகம் இல்லை. சேரவே இல்லை. நடுவில், காற்றில், அப்படியே விறைத்து நின்றுவிட்டது என் கால்.

பயந்துட்டேன். அவ்வளவுதான் விஷயம். பிரேக்குமில்ல, ஸ்பிரிங்குமில்ல, பழமுமில்ல. பயந்துட்டேன். இன்னமும் பயந்துக்கிட்டேதான் இருக்கேன் — அந்தப் பலகையைக் கண்டாலே.

மே 13, ஞாயிறு

சொல்லவில்லை. கிளப்புக்கும் போகவில்லை. பழம் கார் டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது.

மே 16, புதன்

மாலையில் பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா வந்தார். மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை பூஜை. "கலா, நீ வந்து பொட்டு வெச்சாதான் வண்டிய வெளிய எடுக்கணும்னு இருக்கான்."

சந்திரகலா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே இருந்தபடியே சொன்னாள்: "வேற யாரையாச்சும் கூப்பிடுங்கக்கா. சின்னப் பையன் ஓட்டுற வண்டி. என் கை வேணாம்."

"ஏன்டி?"

"வேணாம்னா வேணாம்க்கா."

வீரம்மா அக்கா என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன்.

இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். இந்த இரண்டு மாதமாக அவள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. பின்வீட்டில் புது வேன் வந்தபோது தலைவலி என்று படுத்துக்கொண்டாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருந்தேன். புருஷனைக் கொல்லப் பார்த்த கை என்று அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் ஆ லோய் ஒர்க்‌ஷாப்பில் டயர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

சொன்னால் என்ன ஆகும்? அவள் சிரிப்பாளா? அதுதானே என் பயம். வேலியைவிட அதுதான் பெரிய பயம்.

மே 17, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ஃபேக்டரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பழத்தைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். துண்டோடு வந்து பார்த்தாள். அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று.

"பின் சீட்டுக்கடியில இருந்துச்சு. பெடல் பக்கமே வரல. பெடலை நான் மிதிக்கவே இல்ல கலா. பயத்துல கால் வெரச்சுப் போச்சு."

பழத்தை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு அவள் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி.

"எப்ப எடுத்தீங்க?"

"சனிக்கிழமை."

"இன்னிக்கு வியாழன்." துண்டை நாற்காலியில் எறிந்தாள். "நேத்து வீரம்மா அக்கா வந்தப்போ இது உங்ககிட்ட இருந்துச்சு. ரெண்டு மாசமா பஸ்ல நின்னுக்கிட்டே போறேன். தூங்குனா உங்க கார் கவுந்து கெடக்குற மாதிரி கனவு. பழத்துக்கு வாயில்லன்னு அதுமேல பழியப் போட்டீங்க. எனக்கு வாயிருந்தும் என்ன பிரயோஜனம்?"

  அவள் அழுதாள். இந்த இரண்டு மாதத்தில் இன்றுதான் அழுகிறாள் என்று தோன்றியது. என்முன் இன்றுதான்.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள். "நெசமாவே பயந்தீங்களா?"

"ரொம்ப."

ரசத்தை ஊற்றினாள். "நல்லதுதான். பயமே இல்லாத ஆளோட குடும்பம் நடத்துறோமேன்னு எனக்குத்தான் இத்தனை வருஷமா பயம்."

அவள் சிரிக்கவில்லை. கைகழுவப் போகும்போது சொன்னாள்: "நாளைக்கு வீரம்மா அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

மே 18, வெள்ளி

போய்ச் சொன்னேன். வீரம்மா அக்கா, அவர் வீட்டுக்காரர், வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் எதிரில். இலாகாவில் மேலதிகாரி முன்னால்கூட நான் இப்படி வியர்த்ததில்லை. வீரம்மா அக்காவின் வீட்டுக்காரர் சிரிக்கத்தான் செய்தார். சிரித்துவிட்டு, "என் மச்சான் மாடு முட்ட வந்தப்போ இப்படித்தான் நின்னான் தம்பி" என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சந்திரகலா மோட்டார் சைக்கிளுக்குப் பொட்டு வைத்தாள்.  பையன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு முனை திரும்பும் வரை அங்கேயே நின்றாள். அவன் ஒரு சுற்று சுற்றித் திரும்பி வந்த பிறகுதான் உள்ளே போனாள்.

மே 21, திங்கள்

காரில் வந்தாள். சுங்கை வே வரைக்கும். இறங்கும்போது, "பின் சீட்டைத் திரும்பப் போடுங்க, காருக்குள்ள குகை மாதிரி இருக்கு" என்றாள்.

ஜூன் 3, ஞாயிறு

விஜயனிடமும் சொல்லிவிட்டேன். "தெரியும் அண்ணே" என்றான். "எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான்." ஒருவரும் சொல்வதில்லை, அதனால் எல்லோரும் அவரவர் காரை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். ஆ லோய் புதுக் கடை திறந்திருப்பதன் காரணம் இப்போது விளங்குகிறது.

இன்று பலகைக்கு வெகு முன்னாலேயே பிரேக் பிடித்தேன். தெரிந்தே, என் பயத்துக்கு இடம் விட்டுப் பிடித்தேன். அடுத்த சுற்றில் ஒரு கார் நீளம் தள்ளி. அதற்கடுத்து இன்னும் கொஞ்சம். உள்ளங்கை ஈரமாகிறபோது நிறுத்திக்கொண்டேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புது பேட் உண்மையில் நன்றாகத்தான் பிடிக்கிறது.

ஜூன் 15, வெள்ளி

ஆ லோயிடம் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடச் சொன்னேன். "ஏன் பாஸ், வேகம் வேணாமா?" என்றான். வீட்டுக்காரிக்கு இடுப்பு வலிக்கிறது என்றேன். பாதி உண்மை. முன்பு ஓட்டிய கார் எப்படி இருந்தது என்று எனக்கும் மறந்துவிட்டது.

ஜூன் 24, ஞாயிறு

கிளப்பில் குடும்ப நாள். மதிய இடைவேளையில் வீட்டு ஆட்களை உட்கார வைத்து இரண்டு சுற்றுப் போகலாம் என்றார்கள். நான் கேட்கவில்லை. அவளே விஜயனிடமிருந்து ஹெல்மெட் வாங்கி, கொண்டையை அவிழ்த்துவிட்டு, மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். டாஷ்போர்டில் எதுவும் இல்லை. அவள் ஒருமுறை அதைப் பார்த்தாள், பிறகு பெல்ட்டை இழுத்துப் போட்டாள்.

நேர்ப்பாதையில் வேகம் எடுத்தேன். முழு வேகம் இல்லை, ஆனால் குறைவும் இல்லை. வேலி பெரிதாகத் தொடங்கியது. உள்ளங்கை ஈரமானது. பிரேக்கை மிதித்தேன். உடனே பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

அடுத்த சுற்றில் ஓரக்கண்ணால் பார்த்தேன். நான் மிதித்த அதே இடத்தில், சந்திரகலாவின் வலது கால் காரின் தரையை ஓங்கி மிதித்தது. அந்தப் பக்கம் பெடல் ஏது?

நிறுத்தி என்ஜினை அணைத்தேன்.

"பயமா இருந்துச்சா?" என்றேன்.

"இருந்துச்சு" என்றாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "ஆனா நான் உங்களுக்கு அப்புறம்தான் மிதிச்சேன்."