பெயர் நறுக்கப்பட்ட கிணற்றுச் சுவடிகள்

திருவும் மழையும் நீங்காத வெண்குன்ற நாட்டு அமைச்சன் காவிதி மருதன் எழினி, கடம்பந்துறைக் கோமகனின் கொற்றம் ஓங்குக என வாழ்த்தி, அந்நாட்டுச் சுவடிச்சாலைத் தலைவருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் குளமும் நலமுற்றிருக்க. விரித்து வாழ்த்த நேரமில்லை, பொறுத்தருள்க.

ஆற்றுப்பெருக்குக்கு அஞ்சி எம் அரண்மனைச் சுவடிகளையெல்லாம் தங்கள் சாலைக்குப் படகேற்றி அனுப்பினோம் அல்லவா? அவற்றை அடுக்கி முடித்ததாகத் தாங்கள் எழுதிய மறுமொழி இன்று காலை வந்தது. எம் அரண்மனை எழுத்தர் தலைவனான ஓலைநாயகம் எயினன் பூதன் அதை அவையில் உரக்கப் படித்தான்.

தங்கள் சுவடி மாடங்கள் சிறியவை என்பதால், சுவடிகளில் கட்டியிருந்த பெயரோலைகளை ஒரு சாணுக்கு மேற்பட்ட வால்பகுதியை நறுக்கியதாகவும், நறுக்கியபின் ஒரே பெயரோடு நின்றவற்றுள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மிகைப்படி என்று தீயிலிட்டதாகவும் அதில் கண்டிருந்தது. அது தங்கள் வழக்கம், குறை சொல்லவில்லை. எம் வழக்கமோ, மன்னர் புகழை முழம் முழமாக எழுதிவிட்டுக் கடைசியில்தான் பொருளைச் சொல்வது. பெயரோலையில் சொன்னதைச் சுவடிக்குள் மறுபடி எழுதுவதும் எமக்கில்லை.

பாலைவழிக் கிணறுகளைப் பற்றிப் பூதன் எழுதிய இரண்டு சுவடிகள் இருந்தன. ஒன்றில் நன்னீர்க் கிணறுகள். மற்றதில் சென்ற போரில் பகைவர் நஞ்சிட்டுப் போனவை. நன்னீர், நஞ்சு என்ற சொல் பெயரோலையின் வாலில்தான் இருந்தது; உள்ளே வெறும் கிணற்றுப் பெயர்கள்தாம். எது எரிந்தது, எது எஞ்சியது என்று இப்போது யாருக்குத் தெரியும்? எஞ்சியதைப் படியெடுத்து, பாலைவழி புறப்பட்ட உப்பு வணிகர் கூட்டமான சாத்துக்கு வழித்துணையாகக் கொடுத்தனுப்பினோம் என்று தங்கள் மறுமொழி மகிழ்ச்சியோடு முடிந்தது.

பூதனின் ஒரே மகள் வேண்மாள் கணவனோடும் கைக்குழந்தையோடும் அந்தச் சாத்தில்தான் போகிறாள். ஐயோ, பெற்ற பெண்ணுக்கு என் கையாலேயே குழி வெட்டினேனே என்று அவை என்றும் பாராமல் தலையில் அடித்துக்கொண்டான். பதறாத காரியம் சிதறாது என்பர். இதுவோ பதறாமலே சிதறிற்று. கிணறுகளை நினைவிலிருந்து எழுதச் சொன்னோம். எழுதியதில் ஒரே கிணறு நன்னீர், நஞ்சு என்ற இரண்டு பக்கத்திலும் வந்து நின்றது. அதை நம்பி ஓர் ஆட்டைக்கூட நீருக்கு விட எமக்குத் துணிவில்லை. ஆனால் நேரில் கண்டால் தவறமாட்டான். அத்தனை கிணற்றையும் நடந்து பார்த்துக் குறித்தவன் அவன்தான்.

ஆகவே ஓலை கண்டவுடன் குதிரை வீரரை ஏவிச் சாத்தை நின்ற இடத்திலேயே நிறுத்துக. எந்தக் கிணற்றிலும் ஒரு கை நீர் அள்ளலாகாது. தோற்பைகளில் ஆற்றுநீர் நிரப்பி எருதுகளில் அனுப்புக. எம் சுவடிகளில் இனி எதையும் நறுக்கற்க, எரிக்கற்க. இனி எம் பெயரோலைகள் ஒரு சாணுக்குள் அடங்கும். பொருள் முதலில் நிற்கும். எம் புகழ் சுவடிக்குள்ளே போய்க் கிடக்கட்டும் என்று மன்னரே சொல்லிவிட்டார்.

இதைக் கொணர்பவன் பூதன். அவன் அறியாதபடி எம் கையாலேயே எழுதிக் கட்டினோம். வேண்மாள் உயிரோடிருந்தால் அதை முதலில் அவனிடம் சொல்லுக. இல்லையெனில், கடைசிக் கிணற்றையும் அவன் காட்டி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கலாகாது. எம் மன்னரின் கொன்றைப்பூ முத்திரையின்மேல் இது ஆணை.